'ரெம்பரரி' என்றால் எதுவரைக்கும்?

கொழும்புக்கு வந்து சேர்ந்த நம் குடும்பங்கள் முதலில் அறிந்துகொண்ட ஆங்கிலச் சொற்களில் ஒன்று 'ரெம்பரரி'. 'டெம்பரரி' என்று எழுதுவோரும் உண்டு. வெள்ளவத்தையில் லொட்ஜ் ஒன்றில் அறை எடுத்தாலும், கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டில் ஒதுங்கினாலும் பொலிஸ் பதிவுப் படிவத்தில் இரண்டு விலாசங்கள் கேட்டார்கள். ஒன்று நிரந்தர விலாசம், மற்றது தற்காலிக விலாசம். வேலை கேட்டுக் கடைக்குப் போனால், "இப்போதைக்கு ரெம்பரரியாக நில்" என்றார்கள். முகாமில் தந்த கொட்டிலும் ரெம்பரரிதான். வயலும் கிணறும் வீடும் உள்ள விவசாயிக்கு இந்தச் சொல் முன்பு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. இடம்பெயர்ந்த பின்னரோ வாழ்வின் எந்தப் பக்கம் திரும்பினாலும் இது எதிரே வந்து நிற்கிறது.

ஆகவே இந்தப் பாடத்தில் இந்த ஒரே சொல்லை எடுத்துக்கொள்வோம். அதன் பொருள் என்ன, எங்கெங்கே வழங்குகிறது, அதைக் கேட்டதும் நாம் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை ஒழுங்காகப் பார்ப்போம்.

சொல்லின் பொருள்

'ரெம்பரரி' என்பது பெயரடை. அதாவது ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னே நின்று அதன் தன்மையைச் சொல்வது. காலம் என்னும் பொருள் கொண்ட இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் உள்ளது, என்றென்றைக்கும் உரியது அல்ல என்பதே இதன் பொருள். 'ரெம்' என்ற முதல் அசையை அழுத்திச் சொல்ல வேண்டும். இதன் எதிர்ச்சொல் 'பேர்மனன்ற்', தொடர்ந்து நிலைத்திருப்பது.

தமிழில் தற்காலிகம், நிரந்தரம் என்கிறோம். தற்காலம் என்பது இன்றைய காலம். நிரந்தரம் என்ற வடசொல் 'இடைவெளி இல்லாதது' என்று பொருள்படும். கொழும்பில் பல படிவங்கள் சிங்களத்திலும் இருப்பதால் அந்தச் சொற்களையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. தற்காலிகத்துக்கு 'தாவகாலிக' என்றும், நிரந்தரத்துக்கு 'ஸ்திர' என்றும் எழுதியிருப்பார்கள்.

மூன்று மொழியிலும் ஒரு பொதுத்தன்மை இருப்பதைக் கவனியுங்கள். இது முடிவுள்ளது என்று சொல் சொல்கிறது. முடிவு எந்த நாள் என்று சொல்லவில்லை. ஒரு கிழமையும் தற்காலிகம்தான், முப்பது வருடமும் தற்காலிகம்தான். நம் மக்கள் இந்தச் சொல்லால் பட்ட துன்பங்களில் பல இந்த இடைவெளியிலிருந்து வந்தவை.

நாற்றுமேடை தரும் விளக்கம்

விவசாயிகளான நமக்கு இதை விளங்கிக்கொள்வது கடினம் அல்ல. நாற்றுமேடையில் நிற்கும் நெல் நாற்று தற்காலிகமாகவே அங்கே நிற்கிறது. ஏறத்தாழ மூன்று கிழமையில் அதைப் பிடுங்கி வயலில் நடவேண்டும் என்பது நமக்குத் தெரியும். நாள் பிந்தினால் நாற்று முற்றிவிடும், பிறகு நட்டாலும் கட்டுப் பிடிப்பது குறையும், விளைச்சலும் குறையும். ஆகவே நாற்றுமேடைக்கு விதை போடும்போதே நடுகை நாளையும் கணக்கிட்டுவிடுகிறோம். எந்த வயலில் நடுவது, யார் நடுவது என்பதும் அப்போதே முடிவாகிவிடும்.

நல்ல தற்காலிகத்துக்கு இதுவே இலக்கணம். அதற்கு ஒரு நாள் இருக்கும், முடித்துவைக்க ஓர் ஆள் இருப்பார், முடிந்த பின் போய்ச் சேர ஓர் இடம் இருக்கும். இந்த மூன்றும் இல்லாத தற்காலிகம், நடுவதற்கு வயல் இல்லாமல் மேடையிலேயே முற்றும் நாற்றுப் போன்றது.

தேர்தல் காலத்தில் அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு வழங்கப்படும் தற்காலிக அடையாள அட்டையை எடுத்துக்கொள்வோம். அது அந்தத் தேர்தலுக்கு மட்டும் உரியது என்று தெளிவாகவே சொல்லித் தருகிறார்கள். அங்கே ஏமாற்றம் இல்லை. ஏனைய இடங்களில் எப்படி இருக்கிறது என்று இனிப் பார்ப்போம்.

விலாசம்: எது தற்காலிகம்?

"திஸ் இஸ் மை ரெம்பரரி அட்ரஸ்" என்றால் "இது எனது தற்காலிக விலாசம்" என்று பொருள். இங்கே 'ரெம்பரரி' என்ற அடை 'அட்ரஸ்' என்ற பெயரையே தழுவுகிறது. விலாசம்தான் தற்காலிகமானது. அந்த விலாசத்தில் இருக்கும் மனிதரோ அவருடைய குடியுரிமையோ தற்காலிகமானதல்ல. இது இலக்கணப் பாடம் மட்டுமன்று என்பதை வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் அனுபவத்தில் கண்டன.

2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை ஆகிய பகுதிகளில் உள்ள லொட்ஜுகளுக்குப் பொலிசார் வந்தனர். தங்கியிருந்த தமிழர்களுள் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டுக் கொழும்பை விட்டு அனுப்பப்பட்டனர். பெரும்பாலோர் வவுனியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். கொழும்பில் தங்குவதற்குத் தகுந்த காரணம் இல்லாதவர்கள் என்பதே சொல்லப்பட்ட நியாயம். வைத்தியத்துக்கும், வெளிநாட்டுப் பயண அலுவலுக்கும், வேலை தேடியும், ஊரில் இருக்கப் பயந்தும் வந்தவர்கள் தங்கும் இடங்கள் அந்த லொட்ஜுகள். அவர்களுடைய விலாசம் தற்காலிகமாக இருந்தது. அதையே அவர்களுடைய உரிமையும் தற்காலிகமானது என்பதுபோல நடத்தினார்கள்.

மறுநாள், ஜூன் 8ஆம் திகதி, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் மீது உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்து அந்த வெளியேற்றத்தை நிறுத்தியது. அனுப்பப்பட்டவர்களில் பலர் திரும்பி வந்தனர். அப்போதைய பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க அந்தச் சம்பவத்துக்காக வருத்தம் தெரிவித்தார்.

இலங்கை அரசியலமைப்பின் 14(1)(ஏ) பிரிவை ஆங்கிலத்தில் 'எச்' என்ற எழுத்தால் குறிப்பர். நாட்டுக்குள் நடமாடவும், தான் வதியும் இடத்தைத் தெரிந்துகொள்ளவும் ஒவ்வொரு குடிமகனுக்கும் உள்ள சுதந்திரத்தை அந்தப் பிரிவு சொல்கிறது. அந்தச் சுதந்திரம் நிரந்தர விலாசக்காரருக்கு மட்டும் என்று அங்கே எழுதப்படவில்லை.

படிவம் நிரப்பும்போது இதை மனத்தில் கொள்வோம். தற்காலிக விலாசம் என்ற இடத்தில் இப்போது இருக்கும் வீட்டையும், நிரந்தர விலாசம் என்ற இடத்தில் சொந்த ஊரையும் எழுதுவோம். அலுப்பில் இரண்டுக்கும் ஒரே விலாசத்தை எழுதிவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. ஊரில் காணி இருக்கிறது, அங்கே திரும்பும் எண்ணம் இருக்கிறது என்றால், அந்த ஊரின் பெயர் நம் கடதாசிகளில் தொடர்ந்து இருக்க வேண்டும். நாளைக்கு ஊரில் உரிமை கேட்கும்போது அந்தக் கடதாசிகளே நமக்காகப் பேசும். கொழும்பிலேயே நிலைத்துவிடத் தீர்மானித்த குடும்பமும் அதைத் தானே தீர்மானித்துச் செய்யவேண்டும். படிவத்தின் ஒரு வெற்றிடம் அதைத் தீர்மானிக்கக் கூடாது.

வேலை: சட்டம் என்ன சொல்கிறது?

கொழும்புக் கடைகளிலும் களஞ்சியங்களிலும் வேலைக்குப் போன நம் பிள்ளைகள் பலர் இப்படி ஒரு பேச்சைக் கேட்டிருப்பார்கள்.

"தம்பி, நீர் இப்ப ரெம்பரரி தானே. ஈ.பி.எவ். எல்லாம் பேர்மனன்ற் ஆனாப் பிறகு பாப்பம்."

"சரி முதலாளி. எத்தினை மாசம் ரெம்பரரி எண்டு ஒரு கடிதத்தில எழுதித் தாறீங்களோ? ரெம்பரரி ஆக்களுக்கும் ஈ.பி.எவ். இருக்கெண்டு தொழில் கந்தோரில சொன்னவை."

அந்தப் பிள்ளை கேட்டது சரியே. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தற்காலிக ஊழியரையும் அமைய ஊழியரையும் விலக்கிவைக்கவில்லை. தனியார் கடையிலோ நிறுவனத்திலோ வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அது பொருந்தும். ஊழியரின் உழைப்பூதியத்தில் 8 வீதம் கழிக்கப்படும். முதலாளி தம் பங்காக 12 வீதம் சேர்க்க வேண்டும். இதற்குப் புறம்பாக, 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதம் கட்டவேண்டும். இதை ஊழியரின் சம்பளத்தில் கழிக்க முடியாது.

கணக்குப் பார்ப்போம். மாதம் 40,000 ரூபா உழைக்கும் ஒருவருக்கு அவருடைய பங்கு 3,200 ரூபா. முதலாளியின் பங்கு 4,800 ரூபா. நம்பிக்கை நிதிக்கு 1,200 ரூபா. மொத்தம் மாதத்துக்கு 9,200 ரூபா. 'ரெம்பரரி' என்ற சொல்லைக் கேட்டு இரண்டு வருடம் பேசாமல் இருந்தால் 2,20,800 ரூபா அவர் பெயரில் சேராமல் போகிறது. அதில் 1,44,000 ரூபா முதலாளி கொடுக்க வேண்டியிருந்த பணம். இதைக் கேட்பது சண்டை பிடிப்பதல்ல. முதலில் மரியாதையாகக் கேட்கலாம். பயன் இல்லையென்றால் அருகிலுள்ள தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். சம்பளத் துண்டு, வருகைப் பதிவு, கடையின் கடிதம் என்பவற்றைக் கவனமாக வைத்திருப்பது உதவும்.

இங்கேயும் அதே இலக்கணம்தான். 'ரெம்பரரி' என்பது வேலையின் கால அளவைத் தழுவும் அடை. செய்த உழைப்பு தற்காலிகமானதல்ல, அதற்கான பலனும் அப்படியே.

காணி: "கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்"

ஊரை விட்டு வரும்போது பலர் வீட்டையும் காணியையும் அயலவரிடமோ உறவினரிடமோ ஒப்படைத்து வந்தோம். "நாங்கள் வரும்வரைக்கும் தற்காலிகமாக இருங்கள்" என்று வாயால் சொன்னோம். அந்த நேரத்தில் எழுதுவதற்கு யாருக்கு நேரம் இருந்தது? ஆனால் வருடங்கள் போனபின், இருந்தவர் எப்படி இருந்தார் என்ற கேள்வி எழுகிறது.

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, உரித்தாளரின் உரிமையை ஏற்காமல் அவருக்கு எதிராக ஒருவர் 10 வருடம் தடையின்றித் தனியார் காணியை ஆண்டுவந்தால், ஆட்சியுரிமை கோரலாம். உரித்தாளரின் அனுமதியுடன் இருப்பவருடைய நிலை வேறு. அவர் இருப்பது உரித்தாளரின் சம்மதத்தால். அந்த அனுமதியை எழுத்தில் வைத்திருந்தால் இரு பகுதிக்கும் பிணக்கு இல்லை.

போரினால் ஊருக்குப் போகமுடியாதிருந்தவர்களுக்காக 2016இல் ஒரு சிறப்புச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை, போர் நிலைமையால் காணி உரிமையைக் காக்க முடியாமற் போனவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்காதிருக்க அது வழி செய்தது. அதன் பயனைப் பெறுவதற்கு இரண்டு வருடக் கால எல்லை இருந்தது. அந்த எல்லை கடந்துவிட்டது. நமக்கு உதவ வந்த தற்காலிக ஏற்பாடு குறித்த நாளில் முடிந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே இன்றும் யாராவது நம் காணியில் நம் சம்மதத்தோடு இருந்தால், ஓர் எளிய கடிதம் எழுதிக்கொள்வோம். காணியின் பெயர், உறுதி இலக்கம், இருப்பவர் பெயர், எந்தத் திகதியிலிருந்து, எதுவரைக்கும், யாருடைய அனுமதியோடு என்பவை அதில் இருக்கட்டும். இரு பகுதியும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்திருக்கட்டும். ஏற்கெனவே பிணக்கு இருந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம். உறவினரிடம் எழுத்துக் கேட்பது நம்பிக்கையில்லாமை என்று சிலர் எண்ணுவர். எழுத்து இல்லாததாலேயே பிரிந்துபோன சகோதரர்கள் நம் ஊர்களில் குறைவில்லை.

நீண்டுபோன தற்காலிகங்கள்

நம் நாட்டில் 'தற்காலிகம்' எவ்வளவு தூரம் நீளக்கூடும் என்பதற்குச் சில உதாரணங்கள்.

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரே 'பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம்' என்பதாகும். மூன்று வருடங்களுக்கு என்றே அது இயற்றப்பட்டது. 1982இல் வந்த திருத்தம் அந்த மூன்று வருட எல்லையை எடுத்துவிட்டது. ஆனால் பெயரிலிருந்த 'தற்காலிக' என்ற சொல்லை எடுக்கவில்லை. 2022இல் மீண்டும் திருத்தியபோதும் அந்தச் சொல் அங்கே அப்படியே இருந்தது.

1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய கமக்காரக் குடும்பங்களில் ஒரு பகுதியினர் கோணாப்புலம் போன்ற முகாம்களில் 25 வருடங்களுக்கு மேல் வாழ்ந்தனர். ஒன்றிரண்டு வருடத்தில் உக்கிப்போகும் கிடுகால் வேய்ந்த கொட்டிலில் பிறந்த பிள்ளைகள், அங்கேயே வளர்ந்து மணமும் செய்தனர். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் புத்தளத்தில் தங்கினர். அவர்களிலும் பலருக்குத் தங்கல் ஒரு தலைமுறையைத் தாண்டிவிட்டது.

2009இல் வன்னி மக்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. முகாம் முடிந்தது உண்மை. ஆனால் கடைசியாக வெளியேறிய கேப்பாப்புலவுக் குடும்பங்கள் தங்கள் சொந்தக் காணிக்குப் போகவில்லை. வேறோர் இடத்தில் இறக்கப்பட்டனர். அந்தக் காணியைக் கேட்டு 2017இல் அவர்கள் இராணுவ முகாமின் வாசலில் தொடர்ந்து அமர்ந்து போராடினர்.

உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் பற்றி 1998இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைக்கப்பட்ட வழிகாட்டும் கோட்பாடுகளில் ஆறாவது கோட்பாடு, சூழ்நிலை வேண்டுவதற்கு மேல் இடப்பெயர்வு நீடிக்கக் கூடாது என்று கூறுகிறது. இருபத்தெட்டாவது கோட்பாடு, மக்கள் தம் விருப்பத்தோடும் பாதுகாப்போடும் மானத்தோடும் ஊர் திரும்பவோ வேறிடத்தில் குடியமரவோ வழி செய்வது அதிகாரிகளின் பொறுப்பு என்கிறது. நாற்றுமேடையில் நாம் கண்ட நாள், ஆள், இடம் ஆகிய மூன்றையும் இங்கேயும் காணலாம்.

அயற்சொற்கள்

'ரெம்பரரி'க்கு உறவான சில சொற்களையும் அறிந்துகொள்வோம்.

'இன்ரெறிம்' – இடைக்காலம். இறுதி முடிவு வரும்வரைக்கும் உள்ளது. உயர் நீதிமன்றம் 2007இல் தந்தது இத்தகைய உத்தரவே. தற்காலிகமானவை எல்லாம் நமக்குத் தீமையானவை அல்ல என்பதற்கு அது சான்று.

'கஷுவல்' – அமைய. வேலை உள்ள நாளுக்கு மட்டும் அழைக்கப்படும் ஊழியருக்கு வழங்கும் சொல்.

'ரெம்பரரிலி' – தற்காலிகமாக. இது வினையைத் தழுவும். "ஐ ஆம் ஸ்ரேயிங் ஹியர் ரெம்பரரிலி" என்றால் "நான் இங்கே தற்காலிகமாகத் தங்கியிருக்கிறேன்".

'ஃபோர் த ரைம் பீயிங்' – இப்போதைக்கு. அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும் தொடர். இதிலும் முடியும் நாள் இல்லை.

நாம் கேட்கவேண்டிய மூன்று கேள்விகள்

இந்தச் சொல்லை யார் சொன்னாலும், கடைக்காரர், வீட்டுக்காரர், அதிகாரி, உதவி நிறுவனத்தவர் யாராயினும், மூன்று கேள்விகளைக் கேட்போம்.

1. எதுவரைக்கும்? ஆங்கிலத்தில் "அன்ரில் வட் டேற்?" என்று கேட்கலாம். திகதி சொல்ல முடியாதென்றால், எது நடக்கும்வரைக்கும் என்றாவது கேட்போம்.

2. முடிப்பது யார்? எந்தக் கந்தோர், எந்தப் பதவியில் உள்ளவர் என்று தெரிந்தால்தான் நாள் கடந்தபின் யாரிடம் போவதென்று தெரியும்.

3. முடிந்தபின் என்ன? வேலை நிரந்தரமாகுமா, சொந்தக் காணிக்கா மாற்றுக் காணிக்கா போவது, தந்த பொருளைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமா என்று கேட்போம்.

மறுமொழி கிடைத்ததும், "பிளீஸ் கிவ் மீ தற் இன் றைற்றிங்" என்று கேட்கலாம். "தயவுசெய்து அதை எழுத்தில் தாருங்கள்" என்பது பொருள். எழுதித் தராவிட்டால் நாமே கொப்பியில் திகதி, இடம், சொன்னவரின் பதவி, சொன்ன விடயம் என்று குறித்து வைப்போம். தனியே கேட்கத் தயங்குவோர் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து போய்க் கேட்கலாம்.

பயிற்சியும் கலந்துரையாடலும்

1. உங்கள் வீட்டிலுள்ள கடதாசிகளை எடுத்துப் பாருங்கள். எவற்றில் ஊர் விலாசம் இருக்கிறது? எவற்றில் இப்போதைய விலாசம் மட்டும் இருக்கிறது? இரண்டாகப் பிரித்துப் பட்டியல் இடுங்கள்.

2. "மை பேர்மனன்ற் அட்ரஸ் இஸ் இன் மல்லாவி" என்பது போல, உங்கள் ஊரின் பெயரை வைத்து ஒரு வசனம் சொல்லிப் பழகுங்கள். பிள்ளைகளும் சொல்லட்டும். ஊரைக் காணாத பிள்ளைக்கு அந்தப் பெயரோடு, காணியின் பெயரையும் எல்லைகளையும் சொல்லிக்கொடுங்கள்.

3. உங்கள் குடும்பத்தில் யாராவது 'ரெம்பரரி'யாக வேலை செய்கிறார்களா? எவ்வளவு காலமாக? சேமலாப நிதி கட்டப்படுகிறதா?

4. உங்கள் காணியில் வேறொருவர் இருந்தால், மேலே சொன்ன கடிதத்தை எப்படி எழுதுவது என்று சேர்ந்து ஒரு மாதிரி எழுதிப் பாருங்கள்.

5. உங்கள் வாழ்வில் 'தற்காலிகம்' என்று தொடங்கி இன்னும் முடியாதிருப்பது எது? அதற்கு மேற்சொன்ன மூன்று கேள்விகளையும் இந்த மாதத்துக்குள் யாரிடம் கேட்பது என்று குழுவாகத் தீர்மானியுங்கள்.